கத்தரிக்கோலைப் பார்க்காமல் எழுதிய மென்பொருள்

மருந்தக மென்பொருள் திட்டத்தின் ஸ்டீரிங் கமிட்டி உறுப்பினர்களுக்கு,

மீதமுள்ள ஆறு மருத்துவமனைகளிலும் ஜூன் 1-ஆம் தேதி ஒரே நாளில் மென்பொருளைத் தொடங்குவது என்று போன வாரம் முடிவு செய்திருக்கிறீர்கள். அன்றிலிருந்து எந்த மருந்தகத்திலும் கையால் எழுதும் ஸ்டாக் நோட்டு இருக்கக் கூடாது என்றும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதோடு இணைத்திருந்த ஆய்வறிக்கையை இரண்டு முறை படித்தேன். பிப்ரவரியில் முதல் மருத்துவமனையில் நடந்த குளறுபடிக்குக் காரணம் ஊழியர்கள் ஒத்துழைக்காததும் பயிற்சிக் குறைவும்தான் என்று அது சொல்கிறது. அது உண்மையில்லை. ஆனால் அந்த வரியை வைத்துத்தான், அங்கே இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் மூத்த மருந்தாளுநரிடம் ஸ்டாக் குறைவுக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த மென்பொருளைச் சோதித்த குழுவுக்கு நான்தான் பொறுப்பு. சென்னையில் பதினேழு வருடமாக டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அறிக்கை தவறு என்று உங்களுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. ஜூன் 1 நெருங்குகிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனைகளை நடத்தும் அறக்கட்டளையின் பெயரையோ மென்பொருள் நிறுவனத்தின் பெயரையோ குறிப்பிடவில்லை. உங்களுக்கு இது எந்தத் திட்டம் என்று தெரியும், அது போதும்.

பிப்ரவரியில் மென்பொருளைத் தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் மருந்தகக் கவுன்டருக்கு உள்ளே நின்றிருந்தேன். நிறுவனர் நாள் என்பதால் முன்வாசலில் விழா நடந்துகொண்டிருந்தது. மருந்தகம் பின்கட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை என்றால் ஓ.பி.யில் கூட்டம் அதிகம், சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லாம் அன்றுதான் வருவார்கள். முதல் சீட்டு ஒரு பெரியவருடையது. மெட்ஃபார்மின், காலை ஒன்று, இரவு ஒன்று, முப்பது நாளைக்கு. மொத்தம் 60 மாத்திரை. அக்கா (அந்த மருந்தாளுநரை அங்கே எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்) 60 என்று தட்டினார். ஸ்டாக் போதவில்லை என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. அவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அங்கே மெட்ஃபார்மின் அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன.

நடந்தது இதுதான். கணினியில் ஸ்டாக் 48 என்று இருந்தது. அது 48 அட்டை. சீட்டில் கேட்டது 60. அது 60 மாத்திரை. மென்பொருள் 48-ஐயும் 60-ஐயும் ஒப்பிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டது. அடுத்து வந்த அம்மாவுக்கு 20 மாத்திரை. அதற்கு மட்டும் சரி என்றது, ஆனால் ஸ்டாக்கிலிருந்து 20 அட்டையைக் கழித்துவிட்டது. பதினொரு மணிக்குள் அதிகம் போகும் மருந்துகள் பாதிக்கு மேல் திரையில் பூஜ்யம். வரிசை மருந்தகத்தைத் தாண்டி எக்ஸ்ரே அறை வரைக்கும் போய்விட்டது. முதல் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். ஊருக்குப் போகும் பஸ் 12.40-க்கு, அதை விட்டால் சாயங்காலம்தான் என்று இரண்டு தடவை வந்து சொன்னார்.

அக்கா டிராயரைத் திறந்து, கோடு போட்ட நீள நோட்டை எடுத்தார். சீட்டு எண், பெயர், மருந்து, எண்ணிக்கை என்று எழுதிவிட்டு மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்தார். பெரியவர் பஸ்ஸைப் பிடித்தார். அன்று அந்த நோட்டு இல்லாவிட்டால் எத்தனை பேர் மாத்திரை இல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். நீங்களும் யோசிக்க வேண்டும். ஏனென்றால், அந்த நோட்டைத்தான் உங்கள் அறிக்கை 'மென்பொருளைத் தவிர்க்கும் போக்கு' என்று குறிப்பிடுகிறது.

இரவே மென்பொருளில் ஒரு பேட்ச் (அவசரத் திருத்தம்) போட்டோம். ஒரு அட்டைக்குப் பத்து மாத்திரை என்று எல்லா மருந்துக்கும் ஒரே கணக்கு. எல்லா அட்டையும் பத்து இல்லை என்று நான் சொன்னேன். காலையில் கவுன்டர் ஓடினால் போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்து, பதினைந்து, பதினான்கு என்று பல அளவில் வரும். ஆன்டிபயாடிக் அட்டைகள் ஆறு, ஐந்து, மூன்று என்றுகூட வரும். மூன்று மாத்திரை கொண்ட அசித்ரோமைசின் அட்டை 40 வந்தால் கையில் இருப்பது 120 மாத்திரை. எங்கள் மென்பொருள் அதை 400 என்று எழுதிக்கொள்ளும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 280 மாத்திரை காணோம். விலை கூடிய மருந்துகள்தான் சின்ன அட்டையில் வருகின்றன, அதனால் குறைவு ரூபாய்க் கணக்கில் பெரிதாகத் தெரிந்தது. பதினைந்து மாத்திரை அட்டைகளில் இதே தவற்றால் கணக்கைவிட அதிகமாகச் சரக்கு இருந்ததே, அது ஏன் அறிக்கையில் இல்லை? ஒருவர் மாத்திரையை எடுத்துக்கொண்டார் என்றால், இன்னொரு அலமாரியில் மாத்திரை எப்படிக் கூடும்?

நான் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து அக்காவின் நோட்டையும் அலமாரியையும் எண்ணி ஒப்பிட்டேன். ஆன்டிபயாடிக் முழுவதிலும் இரண்டு மாத்திரைதான் வித்தியாசம், அதுவும் உடைந்துபோன மாத்திரை என்று ஓரத்தில் குறிப்பு இருந்தது. அந்தக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது.

இந்தத் தவறு எங்கே பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மென்பொருளில் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிய கூட்டம் இரண்டு நாள் நடந்தது. கான்ஃபரன்ஸ் ரூமில், கொள்முதல் பிரிவு அதிகாரிகளோடு. கொள்முதலில் எல்லாமே பெட்டிக் கணக்கு, அட்டைக் கணக்கு. அவர்கள் சொன்னது அவர்கள் வேலைக்குச் சரி. ஆவணத்தில் 'அளவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அளவு என்றால் எது என்று யாரும் கேட்கவில்லை. மருந்தகத்துக்கு யாரும் போகவில்லை. போயிருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் கத்தரிக்கோலைப் பார்த்திருப்பார்கள். அது கவுன்டரில் ஒரு நூலில் கட்டித் தொங்குகிறது. அக்கா அட்டையை வெட்டும்போது, எக்ஸ்பைரி தேதியும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் அச்சடித்த பக்கம் தன்னிடம் மிஞ்சும்படி வெட்டுவார். மிஞ்சியது ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகும், அடுத்த நோயாளிக்கு முதலில் அதிலிருந்துதான் எடுப்பார். ஒரு அட்டையைப் பாதியாக வெட்ட முடியும் என்பதே எங்கள் 140 பக்க ஆவணத்தில் இல்லை. ஆவணத்தில் இல்லாததை டெவலப்பர் எழுத மாட்டார். அவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை.

அலகு மாறிப்போவது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த வேளையில் தொலைந்துபோனது. தரையில் ஓடிய ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. பலருக்கும் இந்தக் கதை இந்த அளவில் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு செய்தி. பாதை சரியாக இல்லை என்று வழிகாட்டும் குழுவில் சிலருக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. அந்தச் சந்தேகம் முறைப்படி பதிவாகி, முடிவெடுப்பவர்களிடம் போய்ச் சேரவில்லை.

நம் திட்டத்திலும் அதுதான் நடந்தது. அட்டை, மாத்திரை குழப்பத்தை நான் ஜனவரியிலேயே பிடித்தேன். 'கிரிட்டிக்கல்' என்று பதிவு செய்தேன். வாராந்திர அறிக்கையில் அந்தப் பகுதிக்கு, ஆபத்து என்று காட்டும் சிவப்பு நிறம் போட்டு அனுப்பினேன். ப்ராஜெக்ட் மேனேஜரின் தொகுப்பில் அது மஞ்சளானது. டெலிவரி தலைவரின் தொகுப்பில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறம். உங்கள் மேசைக்கு வந்தபோது பச்சை. இடையில் யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் மென்மையாக்கினார்கள், கடைசியில் சிவப்பு பச்சையாகிவிட்டது. தேதி முதலிலேயே பத்திரிகையில் அச்சாகிவிட்டதால், கெட்ட செய்தியைக் கேட்க யாருக்கும் இடமில்லாமல் போய்விட்டது.

என் பங்கையும் நான் மறைக்கப் போவதில்லை. நிறுவனர் நாளுக்கு நான்கு நாள் முன்பு ஒரு கான்ஃபரன்ஸ் காலில், அந்தப் பக்கை (மென்பொருள் பிழையை) 'மீடியம்' ஆக்கிவிடலாமா, அடுத்த ரிலீஸில் சரி செய்துவிடுவோம் என்று கேட்டார்கள். பதினோரு பேர் அழைப்பில் இருந்தார்கள். நான் சரி என்றேன். திறந்திருந்த 43 பக்குகளோடு சோதனை முடிந்தது என்ற அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்தின் பலனை அனுபவித்தது நான் இல்லை, கவுன்டரில் நின்ற அக்கா. இந்த மடலை எழுதாமல் இருக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரே நாளில் ஆறு இடம் என்ற முடிவுக்கு வருகிறேன். 1992-இல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் நடந்ததை இந்தத் துறையில் படிக்காதவர்கள் குறைவு. ஆனாலும் நம் திட்டத்தில் யாரும் அதை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவசர அழைப்பு வந்தால் எந்த வண்டியை அனுப்புவது என்று கணினியே முடிவு செய்யும் திட்டம் அது. முடிக்க வேண்டிய தேதியை, 1992 ஜனவரி என்று, முதலிலேயே குறித்துவிட்டார்கள். டெண்டர் கேட்டு வந்தவர்களில் பலர் அந்தத் தேதிக்குள் முடியாது என்றார்கள். முடியும் என்று மிகக் குறைந்த விலை சொன்னவர்களுக்கு வேலை போனது. ஜனவரியில் முடியவில்லை. அக்டோபர் 26 அன்று லண்டன் முழுவதற்கும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். தெரிந்தே தீர்க்கப்படாமல் 81 குறைகள் அன்று இருந்தன. கட்டுப்பாட்டு அறையில் காகிதத்தை எடுத்துவிட்டார்கள், உட்காரும் இடங்களையும் மாற்றிவிட்டார்கள்.

வண்டிகள் எங்கே இருக்கின்றன, என்ன நிலையில் இருக்கின்றன என்ற தகவல் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு சரியாக வந்தால்தான் அந்த அமைப்பு வேலை செய்யும். நிஜ உலகில் அப்படி வராது. அவசரத்தில் பட்டனை மாற்றி அழுத்துவார்கள், ரேடியோ அலை எட்டாத இடம் இருக்கும், எடுக்கச் சொன்ன வண்டியை விட்டு வேறு வண்டியை எடுப்பார்கள். தகவல் பிழையானதும் கணினி தவறான வண்டியை அனுப்பியது, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகளைக்கூட அனுப்பியது. வண்டி வராததால் மக்கள் மறுபடி மறுபடி அழைத்தார்கள். எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, பழையவை திரையிலிருந்து மேலே ஓடி மறைந்தன. மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அன்று அதிகாலையில் அமைப்பு முழுவதும் நின்றுபோனது. ஒரு புரோகிராமர் தெரியாமல் விட்டுவைத்த ஒரு துண்டு நிரல், ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுக்காமலே இருந்தது. மூன்று வாரத்தில் நினைவகம் தீர்ந்துவிட்டது.

அங்கேயும் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை என்ற பேச்சு எழுந்தது. விசாரணை அறிக்கை ஊழியர்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருந்ததை மறுக்கவில்லை, ஆனால் ஏன் இல்லை என்று கேட்டது. நம் அறிக்கையில் அந்த 'ஏன்' இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதே ஆம்புலன்ஸ் சேவை 1996-இல் புதிய அமைப்பைக் கொண்டுவந்து வெற்றி பெற்றது. ஊர், வண்டிகள், யூனியன் எல்லாம் பழையவைதான். இம்முறை அவசரப்படாமல், ஒவ்வொரு பகுதியாக, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார்கள்.

மெமோ விஷயம் எனக்கு இங்கிலாந்தின் இன்னொரு வழக்கை நினைவுபடுத்துகிறது. அங்கே தபால் துறையில் 1999-இலிருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. கிளைத் தபால் நிலையங்களின் கணக்கில் பணம் குறைகிறது என்று கணினி காட்டியது. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, நிலையத்தை நடத்தியவர்களையே அந்தப் பணத்தைக் கட்டச் சொன்னார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்ட பிறகுதான், மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அக்காவுக்கு வந்த மெமோவின் இரண்டாவது பத்தியைப் பாருங்கள். குறைவுக்கு ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று இருக்கிறது. இந்தக் குறைவை உண்டாக்கியது எங்கள் பேட்ச். எந்த இரவில், எந்த வரியில் என்று என்னால் காட்ட முடியும்.

ஜூன் 1-க்குப் புதிதாகப் பன்னிரண்டு பேரைத் திட்டத்தில் சேர்ப்பதாகவும் சுற்றறிக்கையில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் ஐபிஎம் நிறுவனத்தில் 1960-களில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இலேயே எழுதிவிட்டார். நம்மிடம் ஸ்டாக் பகுதியை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மார்ச்சில் நான்கு புதியவர்கள் வந்தபோது அந்த இருவரும் மூன்று வாரம் பாடம் நடத்தினார்கள், ஒரு பக் கூட மூடப்படவில்லை. பன்னிரண்டு பேர் வந்தால் ஜூன் 1 வரை அந்த இருவரும் வேலை பார்க்கவே முடியாது.

முன்னோட்டத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் ஃபீனிக்ஸ் இருக்கிறது. ஏறக்குறைய 2,90,000 அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் மென்பொருள் அது. பணமும் நாளும் போதாமல், 984 செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டதை நீக்கினார்கள் அல்லது தள்ளிவைத்தார்கள். ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்த முன்னோட்டத்தையும் ரத்து செய்தார்கள். 2016-இல் தொடங்கினார்கள். சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் கூடுதலாக வந்து பிறகு திருப்பிக் கேட்டார்கள். நீங்கள் ரத்து செய்திருக்கும் இரண்டு மாத இணை ஓட்டமும் (நோட்டும் மென்பொருளும் சேர்ந்தே ஓடுவது) அப்படிப்பட்ட முன்னோட்டம்தான்.

நன்றாக நடந்தவையும் இருக்கின்றன, அவற்றையும் பார்த்துதான் சொல்கிறேன். நம் ரயில்வே முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 நவம்பரில் டெல்லியில் மட்டும் கணினி முன்பதிவு தொடங்கியது. அப்புறம் சென்னை, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒரு ஊர்க் கவுன்டரிலிருந்து இன்னொரு ஊர் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும்படி இந்த ஐந்து மையங்களையும் முழுதாக இணைத்து முடித்தபோது 1999 ஏப்ரல். பதினான்கு வருடம் உங்களிடம் கேட்கவில்லை. ஒரு இடத்தில் சரியாக ஓடிய பிறகு அடுத்த இடம் என்ற வரிசையைத்தான் கேட்கிறேன்.

விழுந்த பிறகு எழுந்ததும் உண்டு. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாள் முழுக்கப் பதிவு செய்ய முடிந்தவர்கள் 6 பேர். அதைச் சரி செய்ய ஒரு சின்னக் குழு வந்தது. அதில் இருந்த மைக்கி டிக்கர்சன் கூட்ட அறைக்குச் சில விதிகளை எழுதிவைத்தார். கூடுவது பிரச்சினையைத் தீர்க்க, பழி போட இல்லை. ஒரு விஷயத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர்தான் பேச வேண்டும், அதிகப் பதவியில் இருப்பவர் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் தளம் பெரும்பாலானவர்களுக்கு ஓடியது. நம் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். இதுவரை நடந்த ஒன்பது கமிட்டிக் கூட்டங்களில் ஒன்றில்கூட ஒரு மருந்தாளுநர் உட்காரவில்லை. டெஸ்டிங்கிலிருந்து என்னை ஒரு முறை கூப்பிட்டார்கள், புரொஜெக்டரை இணைக்க உதவிவிட்டு வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

இனி நான் கேட்பவை.

முதலில் அந்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில், குறைவு மென்பொருளின் தவறான அலகுக் கணக்கால் காட்டப்பட்டது என்ற காரணத்தோடு. அவருடைய பணிப் பதிவேட்டில் அந்த மெமோவின் நகல் இருக்கக் கூடாது. ஆய்வறிக்கையிலிருந்து 'ஒத்துழைப்பின்மை' என்ற வரியை நீக்கி, ஜனவரியில் நான் பதிவு செய்த பக், அதன் நிலை எந்தத் தேதியில் யாருடைய ஒப்புதலோடு மாறியது என்பதைச் சேருங்கள். என் பெயரும் அதில் வரும், வரட்டும்.

ஜூன் 1-இல் ஆறு இடத்தில் தொடங்குவதைக் கைவிட்டு, ஒரே ஒரு மருத்துவமனையில் தொடங்குங்கள். ஓ.பி. கூட்டம் குறைவான ஒன்றாக, திங்கட்கிழமை இல்லாத ஒரு நாளில். அதற்கும் முன்னால், ஒவ்வொரு மருந்துக்கும் அட்டைக்கு எத்தனை மாத்திரை என்பதை மருந்தாளுநர்களே சரிபார்த்துக் கையெழுத்திட்ட பட்டியல் மென்பொருளில் ஏற வேண்டும். அதற்கு இரண்டு பேர், பத்து நாள் போதும், கணக்கிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மாதக் கடைசி எண்ணிக்கை இரண்டு மாதம் தொடர்ந்து திரையோடு ஒத்துப்போன பிறகு அடுத்த மருத்துவமனை.

நோட்டை எடுக்காதீர்கள். எப்போது மூடலாம் என்பதை அந்தந்த மருந்தகத்தின் மூத்த மருந்தாளுநர் முடிவு செய்யட்டும். நோட்டில் எழுதியதைப் பிறகு மென்பொருளில் ஏற்றுவதற்கு ஒரு திரையை நாங்கள் செய்து தருகிறோம். வடிவமைப்பு தயாராக இருக்கிறது, உங்கள் அனுமதிதான் வேண்டும்.

ஒரு பகுதிக்குச் சிவப்பு போட்டவர் சம்மதிக்காமல் யாரும் அந்த நிறத்தை மாற்றக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவாருங்கள். தொடங்கும் நாளுக்கு முன் டெஸ்டிங் பொறுப்பாளரும் அந்தக் கவுன்டரின் மருந்தாளுநரும் இருவரும் கையெழுத்திட வேண்டும், ஒருவர் மறுத்தாலும் தேதி தள்ளிப்போக வேண்டும். அதுவரை எந்தத் தேதியும் பத்திரிகைக்குப் போக வேண்டாம். புதிய பன்னிரண்டு பேரில் இருவரை மட்டும் இப்போது அனுப்புங்கள். மற்றவர்களை வார்டு இன்டென்ட் (வார்டுகள் மருந்தகத்திடம் மருந்து கேட்டு அனுப்பும்) பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம், அந்த வேலை இன்னும் தொடங்கவே இல்லை. அதை எழுதப் போகும் ஒவ்வொருவரும் முதல் இரண்டு நாளை வார்டிலும் மருந்தகத்திலும் கழித்த பிறகுதான் கீபோர்டைத் தொட வேண்டும். கமிட்டியில் இருப்பவர்களும் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அந்தக் கவுன்டருக்கு உள்ளே நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உட்கார அங்கே இடமில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டம் எட்டாம் தேதி என்று அறிந்தேன். அதற்கு அக்காவை அழையுங்கள், நோட்டோடு வரச் சொல்லுங்கள். அவருக்குக் காலை ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கவுன்டரை விட்டு வர முடியாது. கூட்டத்தை மூன்று மணிக்கு வைத்தால் வந்துவிடுவார்.

இப்படிக்கு,
இந்தத் திட்டத்தின் டெஸ்டிங் பொறுப்பாளர்
சென்னை